தற்காலிக வதிவிடம்

கொட்டாஞ்சேனையில் ஒரு சீவன் போனால் முதலில் டொக்டருக்கு ஆள் போகும், இரண்டாவது சூசைதாசனுக்கு ஆள் போகும். டொக்டர் வந்து நாடி பிடித்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதோடு அவர் வேலை சரி. சூசைதாசனின் படங்கு வந்து வாசலில் விரிந்தால்தான் அது செத்தவீடு. லொறிக்கும் கப்பலுக்கும் மூடுகிற அந்தத் தடித்த கன்வஸ் படங்கு இல்லாமல் வெயிலில் யார் நிற்பது, மழையில் யார் நிற்பது? நூறு கதிரை போட்டாலும் மேலே படங்கு இல்லாவிட்டால் சனம் பிரேதத்தைப் பார்த்த கையோடு வீட்டுக்குப் போய்விடும்.

சூசைதாசன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்து செத்தான். மகனும் அதே துறைமுகத்தில் அதே மூட்டையைத்தான் சுமந்தார். ஆனால் சுமந்துகொண்டே சுற்றிலும் பார்த்தார். கப்பல்காரர் கழித்துப் போட்ட கிழிந்த படங்கு ஒன்றைத் தோளில் தூக்கி வந்து, ஊசியும் மெழுகு நூலுமாக இருந்து தைத்து, அதை ஒரு லொறிக்காரனுக்கு விற்றார். அதுதான் தொடக்கம். முப்பது வருடத்தில் கடை சொந்தம், வீடு சொந்தம், கோயில் பெருநாளில் கொடி தூக்குகிற உரிமை சொந்தம். கடைப் பலகையில் ‘சூசை அன் சன்ஸ்’ என்று இருக்கும். மகன் யாரும் கிடையாது. டோரின் என்று ஒரே மகள், அவளும் கட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். “அன் சன்ஸ் எண்டு போட்டாத்தான் பலகை நிறையும்” என்று எழுதியவன் சொன்னான், போட்டார். படித்தவன் எவனாவது இப்படித் துணிந்து போடுவானா?

செத்தவீட்டுக்குப் படங்கு அவர் சும்மாதான் கொடுப்பார். மறுநாள் பத்திரிகையில் ‘கண்ணீர் அஞ்சலி’ போடுவார். அதில்தான் அவருடைய பெருமை. கால் பக்கம், கறுப்புக் கட்டம், இரண்டு மூலையிலும் விளக்கு. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று ஒரு வரி. கீழே ‘சூசைதாசன், உரிமையாளர், சூசை அன் சன்ஸ், படங்கு, கயிறு, கப்பல் சாமான் வியாபாரிகள்’ என்று மூன்று வரி. செத்தவரின் பெயர் எந்த அளவோ அதைவிட ஒரு நூல் பெரிதாக இவர் பெயர் இருக்கவேண்டும். அச்சுக்கோப்பவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

ஒருமுறை அப்படி ஒரு அஞ்சலியைப் பார்த்துவிட்டு ஜம்பட்டா வீதி மெற்றில்டா ஓடி வந்தாள். செத்தது அவளுடைய சொந்தப் புருசன். “சூசை அண்ணே, விடியப் பேப்பரை விரிச்சோண்ண எனக்கு நெஞ்சு நிண்டு போச்சுது. உங்களுக்குத்தான் ஏதோ ஆகிட்டுது எண்டு நினைச்சனான். பிறகுதான் கண்டனான், மேலே சின்னதா எங்கட மனுசன்!”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சூசைதாசனும் சிரித்தார். அடுத்த அஞ்சலியிலும் எழுத்தின் அளவை அவர் குறைக்கவில்லை.

படங்கைக் கட்டுகிறவன் வேறு. அவன் பெயர் இராஜநாயகம். அவனைப் பற்றி யாரும் கதைத்ததில்லை, அவனும் யாரோடும் பெரிதாகக் கதைத்ததில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரின் செத்தவீடு. கடற்காற்று அடித்து, கட்டின படங்கு ஒரு பக்கம் கழன்று, பிரேதப் பெட்டிக்கு மேலேயே இறங்கிவிட்டது. சூசைதாசனின் ஆட்கள் கயிற்றைத் தேடிக்கொண்டு நிற்க, சனத்துக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருவன் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டினான். மதிலில் ஏறிக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். அவ்வளவுதான். பிறகு காற்று அடித்தது, படங்கு அசையவில்லை.

“ஆர் நீ?”

“சும்மா வந்தனான்.”

“செத்தவருக்குச் சொந்தமோ?”

“இல்லை. லொட்ஜில இருக்கிறன். சனத்தைக் கண்டு வந்தனான்.”

“நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வா.”

வந்தான். பன்னிரண்டு வருடம் போகவில்லை.

அவனுக்கு ஊர் இலுப்பையடிக்குளம். முல்லைத்தீவுக்கு உள்ளே, பஸ் போகாத இடம். அந்தப் பெயரைக் கொழும்பில் இரண்டே இரண்டு பேரிடம்தான் சொன்னான். ஒன்று சூசைதாசன். மற்றது கடைக்குப் பின்னால் சோற்றுப் பார்சல் கட்டி விற்கிற அங்கம்மா. அந்தப் பக்கத்தில் பிறந்தவன் என்று அடையாள அட்டையில் இருந்தால் கொழும்பில் ஒரு சந்தி தாண்ட முடியாத காலம். சூசைதாசன் தனக்குத் தெரிந்த ஆட்களைப் பிடித்தார். இராஜநாயகத்துக்குப் புது அட்டை வந்தது. பிறந்த இடம் சிலாபம். வீட்டில் இருப்பவர்களைப் பொலிசில் பதிகிற படிவத்திலும் சூசைதாசனே கையெழுத்து வைத்தார்: ‘என் பெரியம்மாவின் மகன், பிறப்பு சிலாபம்.’ பிடிபட்டால் இரண்டு பேரும் உள்ளே. எவ்வளவு காலம் உள்ளே என்று கேட்பதற்கும் அப்போது ஆள் இல்லை.

பிறகு, எங்கே பிறந்தாய் என்று சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்ல அவர் அவனைப் பழக்கினார்.

“இபதுனே கொஹெத?”

“சிலாபம்.”

“மடையா, சிங்களத்தில கேட்டா சிங்களத்தில சொல்லு. ஹலாவத.”

“ஹலாவத.”

“ம். யோசிக்கக் கூடாது. யோசிச்சா அவன் பிடிச்சிடுவான். இபதுனே கொஹெத?”

“ஹலாவத.”

பன்னிரண்டு வருடத்தில் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை ‘ஹலாவத’. கேட்கிறவன் வாயைத் திறக்க முன்னமே சொல்லப் பழகிவிட்டான். சிலாபத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

மத்தியானம் ஆனால் இராஜநாயகம் தையல் மெஷினை நிறுத்துவான். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ. வானொலியில் மரண அறிவித்தல் போகும். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அது முடியும்வரை கேட்பான். முடிந்தபின்தான் சோற்றில் கை வைப்பான். சூசைதாசன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கே படங்கு தேவை என்று அறியத்தான் கேட்கிறான் என்று நினைத்தார். தொழில் கெட்டிக்காரன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

தொண்ணூற்றிரண்டில் அவனுடைய தாய் செத்துப்போனாள். அது சூசைதாசனுக்குத் தெரிந்தது தொண்ணூற்றுமூன்றில். அதுவும் தற்செயலாக, அங்கம்மா வாய் தவறிச் சொல்லித்தான்.

“என்னட்ட ஏனடா சொல்லேல்லை?”

“ரேடியோவில சொன்னது. நீங்கள் சாமான் எடுக்கப் போயிருந்தனீங்கள்.”

“அண்டைக்கு என்ன செய்தனி?”

இராஜநாயகம் யோசித்தான். “மாளிகாவத்தை லொறிக்காரன்ர படங்கு தைச்சு முடிச்சனான்.”

“அழேல்லையோ?”

“அக்காதான் அறிவிச்சிருக்கிறா. பாலேஸ்வரி அக்கா. நான் கேப்பன் எண்டு அவவுக்குத் தெரியும். இலுப்பையடிக்குளத்தைப் பிறப்பிடமாகவும் எண்டு சொன்னோண்ண எனக்கு விளங்கியிட்டுது.” ஊசியில் நூலைக் கோத்தான். “அங்க கரண்டும் இல்லை, ரேடியோவுக்குப் பற்றரியும் இல்லை. சைக்கிள் பெடலைச் சுத்தித்தான் ரேடியோ கேக்கினம். அக்காவும் கேப்பா.”

அவ்வளவுதான் அவன் அதைப் பற்றிச் சொன்னது. கடிதம் போட முடியாது. போட்டால் அட்டை பொய் என்று ஆகும். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு ஒரே சாட்சி, ரேடியோவில் மற்றவரின் பெயர் வராததுதான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இராஜநாயகம் மெஷினில் குனிந்தபடியே இருந்தான். ஊசி படங்கில் குத்தியபடி நின்றது. நூல் அறுந்துவிட்டதாக்கும் என்று சூசைதாசன் நினைத்தார். கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிடும்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கிட்டப் போகாமல் மூன்றாம் முறையும் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருதயம் என்று சொன்னார்கள். குண்டும் இல்லை, துவக்குச் சூடும் இல்லை, வெறும் இருதயம். ஐம்பத்திரண்டு வயது.

சூசைதாசனுக்கு அழுகை வரவில்லை. மனைவி மேபல் அழுதாள். அங்கம்மா நிலத்தில் விழுந்து அழுதாள். இவர் தேத்தண்ணியை வாங்கி மேசையில் வைத்தார், ஆறிப்போனதும் எடுத்து வெளியே ஊற்றினார். கைவிரல் நுனியில் உணர்ச்சி இல்லாததுபோல இருந்தது. உரலில் வைத்து இடித்தாலும் தெரியாது என்று தோன்றியது. செய்யவேண்டியது எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். பெட்டி, வாகனம், பொரளைக் கனத்தை மயானத்தில் தகனத்துக்கு நேரம், சைவ முறைக்குக் குருக்கள். பத்திரிகைக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக அரைப் பக்கம் கேட்டார்.

“என்ன போடுறது அண்ணே?”

“வழமையானதுதான்.”

புதன்கிழமை காலையில் வந்தது. ‘சிலாபத்தைப் பிறப்பிடமாகவும் கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட அமரர் இராஜநாயகம். ஈடுசெய்ய முடியாத இழப்பு.’ கீழே மூன்று வரி இவர். எழுத்தின் அளவும் வழமையானதுதான்.

படங்கு கட்ட ஆள் இல்லை. மற்றவர்கள் கட்டினார்கள், காற்றில்லாமலே இறங்கியது. கடைசியில் சூசைதாசனே ஏணியில் ஏறினார். அறுபத்துமூன்று வயதில், வெள்ளைச் சேட்டோடு. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு அந்த முடிச்சு எப்படிப் போவது என்று கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் தினமும் பார்த்த முடிச்சு. இடமா வலமா? தனக்குத் தெரிந்த மூட்டை முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினார்.

சனம் வந்தது. வந்த சனம் பிரேதத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேப்பரைப் பார்த்தது.

“நல்லாப் போட்டிருக்கிறியள் அண்ணே. அரைப் பக்கம்! ஆர் ஒரு வேலையாளுக்கு இப்பிடிச் செய்வினம்?”

“அவன் குடுத்து வைச்சவன்.”

இந்த மாதிரிப் பேச்சு மற்ற நாள் என்றால் சூசைதாசனுக்கு வெல்லம். அன்றைக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

மத்தியானம் அங்கம்மா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பேப்பரைக் கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, மேபல் வாசித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு அங்கம்மா சொன்னாள்:

“இது யாருங்க மொதலாளி, சிலாபத்து ராஜநாயகம்?”

“எங்கட நாயகம்தான். உனக்குத் தெரியாதோ, ஏன் எண்டு?”

“எனக்குத் தெரியும். அவுங்க அக்காவுக்கு எப்புடித் தெரியும்?”

சூசைதாசன் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

“அந்தம்மா பேப்பரும் பாக்காது. ரேடியோவுலயும் சிலாபம்னுதான் சொல்லுவீங்க. யாரோ சிலாபத்துக்காரன் செத்துட்டான்னு கேட்டுட்டு, அது பாட்டுக்குச் சைக்கிளச் சுத்தும். தம்பி இருக்கான் இருக்கான்னு சாகுற வரைக்கும் சுத்தும். இம்மாம் பெரிய பேப்பர்ல போட்டீங்க, யாருக்குப் போட்டீங்க?”

“அங்கம்மா, வாயை மூடு. சனம் நிக்குது” என்றாள் மேபல்.

அங்கம்மா வாயை மூடிக்கொண்டு பிரேதத்தின் காலடியில் போய் உட்கார்ந்தாள். சூசைதாசன் பேப்பரை எடுத்துப் பார்த்தார். அரைப் பக்கத்தில் சொல்லவேண்டியவருக்குச் சொல்லவேண்டிய ஒரு சொல்லும் இல்லை. மெற்றில்டா அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. இப்போது அது சிரிப்பாகவும் இல்லை, சுடவும் இல்லை. பேப்பரை நாலாக மடித்துச் சேட்டுப்பையில் வைத்தார். இராஜநாயகத்தின் அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரித் துண்டையும் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டி பிடித்து வானொலி நிலையத்துக்குப் போனார்.

வாசலில் இரண்டு இடத்தில் சோதனை. உள்ளே அறிவித்தல் எடுக்கிற மேசையில் ஜெகதீஸ்வரி என்றொரு அம்மா. ஊர் யாழ்ப்பாணம், இருப்பது வெள்ளவத்தை. சூசைதாசன் தன் கையாலேயே, கோணல் எழுத்தில் எழுதிய தாளை நீட்டினார். அவள் தாளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

“ஐயா, ஐடென்ரிக் காட்டில சிலாபம் எண்டு கிடக்கு. நீங்கள் பிறந்த இடம் இலுப்பையடிக்குளம் எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஓம்.”

“எது சரி?”

சூசைதாசன் வாசலைப் பார்த்தார். அங்கே ஆமிக்காரன் ஒருவன் நின்றான். ஜெகதீஸ்வரியும் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு பேனையின் மூடியைக் கழற்றினாள். குரல் இறங்கியது.

“பிறந்த இடம் காட்டில உள்ளதுதான் போடலாம். வதிவிடம் எண்டா நான் காட் பாக்கிறேல்லை. ஆள் எங்க இருந்தாலும் வதிவிடந்தானே?”

அவருக்கு விளங்கியது. “அப்ப இலுப்பையடிக்குளத்தை வதிவிடமாகவும் எண்டு போடலாம்.”

“போடலாம்.”

“அப்ப கொட்டாஞ்சேனை?”

“ரெண்டு வதிவிடம் வந்தா ஒண்டு தற்காலிகம் எண்டுதான் வரும். அது இஞ்சத்தைய முறை.”

“பன்னிரண்டு வருசம் பிள்ளை. என்ர வீட்டுச் சோறு. தற்காலிகமோ?”

“நான் வெள்ளவத்தையில பதினாலு வருசம் ஐயா. என்ர பொலிஸ் பதிவிலயும் தற்காலிகம் எண்டுதான் கிடக்கு.” அவள் சொன்ன விதத்தில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. “போடவோ, விடவோ?”

“போடுங்கோ.”

“தகவல் ஆர்?”

வாய் பழக்கத்தில் திறந்தது. “சூசைதாசன், உரிமையாளர், சூசை அன் சன்ஸ், படங்கு, கயிறு…”

“கடை விளம்பரம் இதில வராது. தகவல் எண்டா குடும்பம், இல்லாட்டி உறவு. உங்கட பேர் இல்லாமலும் விடலாம், ‘குடும்பத்தினர்’ எண்டு போட்டா ஆரும் வந்து கேக்கமாட்டினம்.” கடைசி வசனத்தை அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்.

பேர் இல்லாமல் விடுவது நல்லது என்று சூசைதாசனுக்குத் தெரியாமல் இல்லை. அவர் பொலிசுக்குக் கொடுத்த பொய் அந்த அட்டையில் இருக்கிறது. ஆனால் குடும்பத்தினர் என்றால் யார் குடும்பம்? அந்த அக்கா யாரென்று நினைப்பாள்? தம்பி ஏதோ லொட்ஜில் அநாதையாகக் கிடந்து செத்தான் என்றுதானே நினைப்பாள்?

“போடுங்கோ. சூசைதாசன், கொட்டாஞ்சேனை.”

“நீங்கள் அவருக்கு என்ன முறை?”

“சகோதரன்.”

பொலிசுக்குச் சொன்ன அதே முறைதான். வாய் பழகியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பிரேதம் எடுக்கமுன் ரேடியோவைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஏழாவதாக வந்தது. ‘சிலாபத்தைப் பிறப்பிடமாகவும், இலுப்பையடிக்குளத்தை வதிவிடமாகவும், கொழும்பு கொட்டாஞ்சேனையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட இராஜநாயகம் காலமானார். அன்னார் பாலேஸ்வரியின் அன்புச் சகோதரராவார். தகவல்: சகோதரர் சூசைதாசன், கொட்டாஞ்சேனை.’ அரை நிமிடம்கூட இல்லை. எட்டாவது அறிவித்தல் தொடங்கிவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் அவன், இவன். செத்தபின் அன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சூசைதாசன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கண்ணே அந்தக் குளம்?” என்று கிருலப்பனையிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். “மட்டக்களப்புப் பக்கமோ?”

“ஓம், அங்கால” என்றார் சூசைதாசன்.

தகனம் முடிந்தது. படங்கை அவிழ்த்தார்கள். மூட்டை முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை, கயிற்றை வெட்டினார்கள்.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நாள் போனது. மெஷினில் புது ஆள் வைக்கவில்லை. ஊசி குத்திய இடத்திலேயே நின்றது. செத்தவீட்டுக்கு ஆள் வந்தால் படங்கைக் கொடுத்து அனுப்பினார், பத்திரிகைக்குப் போகவில்லை. சூசையருக்கு என்ன நடந்தது என்று ஊர் கேட்டது. மேபலும் கேட்டாள். “ஒண்டுமில்லை” என்றார். உண்மையாகவே ஒன்றுமில்லை. வயிற்றுக்குள்ளும் ஒன்றுமில்லை, நெஞ்சுக்குள்ளும் ஒன்றுமில்லை. மத்தியானத்தில் ரேடியோவை மட்டும் போட்டுவைத்தார். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

செப்டெம்பரில் ஒருநாள், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அது வந்தது. வவுனியாவுக்கு வந்துபோகிற யாரிடமோ எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கவேண்டும்.

‘முல்லைத்தீவு இலுப்பையடிக்குளத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட அமரர் கதிரவேலு இராஜநாயகம் அவர்களின் அந்தியேட்டிக் கிரியைகள் அன்னாரின் பிறந்த இல்லத்தில் நடைபெறும். அன்னார் பாலேஸ்வரியின் அன்புத் தம்பியும், கொட்டாஞ்சேனை சூசைதாசனின் அன்புச் சகோதரருமாவார். தகவல்: அக்கா பாலேஸ்வரி.’

சூசைதாசன் கதிரையில் இருந்தபடியே கேட்டார். கதிரவேலு. அட்டைக்கு எழுதிக் கொடுத்த அப்பன் பெயர் வேறு. உண்மைப் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் என்று சொன்னார்கள். தற்காலிகம் என்று சொல்லவில்லை. அந்த மனுசி அந்தச் சொல்லை எடுத்துவிட்டிருந்தாள். தன் பெயரை நாடு முழுக்கக் கேட்கவேண்டும் என்று முப்பது வருடம் ஆசைப்பட்டவர், அது இன்னொருவர் சொல்லி ரேடியோவில் வந்த நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அங்கம்மா பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். “சொல்லிருச்சு மொதலாளி. அந்தம்மா சொல்லிருச்சு” என்றாள். பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. முல்லைத்தீவு என்றல்லவா சொல்லிவிட்டது! வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அக்காவைப் பிழை சொல்ல முடியாது. அட்டையைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது? தம்பியை அவன் பிறந்த மண்ணின் பேரோடும், சோறு போட்டவனின் பேரோடும் வழியனுப்ப நினைத்தாள். முறைப்படி செய்தாள்.

பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் கொடுத்துவிட, மேபல் அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள். சாரம் ஒன்று, பெனியன் இரண்டு, பல்லுத்தூரிகை, பிரஷர்க் குளிசை. அந்தக் காலத்தில் தமிழ் வீட்டுக்காரிக்கு அந்தப் பையில் என்ன என்ன வரவேண்டும் என்று பாடம்.

“இஞ்சாருங்கோ, கேட்டா வேற இராஜநாயகம் எண்டு சொல்லுங்கோ. நாட்டில எத்தினை இராஜநாயகம் இருக்கு. எங்கட ஆள் சிலாபம். காட்டில கிடக்கு.”

“என்ர பேரும் சொன்னவையே.”

“கொட்டாஞ்சேனையில எத்தினை சூசைதாசன்? நீங்கள் ஒராளே?”

இப்படி ஒருவன் முகத்துக்கு நேரே முன்பு கேட்டிருந்தால் சூசைதாசன் அடித்திருப்பார். “ம்” என்றார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஒரு பொலிஸ் சார்ஜனும் ஒரு கொன்ஸ்டபிளும். சார்ஜன் நடுவயது மனுசர், மரியாதைக்காரர், சத்தம் போடவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு இராஜநாயகத்தின் மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் ஃபைலை விரித்தார். சூசைதாசன் கையெழுத்து வைத்த படிவம் மேலேயே இருந்தது.

ரேடியோவில் ஒரு அறிவித்தல் போனதாம், யாரோ சொன்னார்களாம், விசாரிக்க வந்தாராம். சிங்களத்தில் சொன்னார். பிறகு படிவத்தில் விரலை வைத்து, அவராகவே வழியையும் திறந்துவிட்டார்.

“வெனத் ராஜநாயகம் கெனெக்த, மஹத்தயா?” வேறொரு இராஜநாயகமா?

மேபல் கதவுக்குப் பின்னால் நின்றாள். சூசைதாசனிடமிருந்து ஓம் என்று ஒரு தலையாட்டு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சார்ஜனுக்கும் அதுதான் சுகம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். சிலாபத்தான் சிலாபத்தானாகவே படிவத்தில் கிடப்பான். இலுப்பையடிக்குளத்தில் அந்தியேட்டி செய்த இராஜநாயகம் யாரோ ஒருவன், கொட்டாஞ்சேனைக்கு வராதவன், இந்த முக்காலியில் இருக்காதவன்.

“நே மஹத்தயா” என்றார் சூசைதாசன். “எயாமய்.” இல்லை. அவனேதான்.

கதவுக்குப் பின்னால் மேபல் “ஏசுவே” என்றாள்.

சார்ஜன் பேனையை எடுத்தார். படிவத்தில் சிலாபம் என்று இருந்ததற்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“எஹெனங் இபதுனே கொஹெத?” அப்படியென்றால் பிறந்தது எங்கே?

இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் சொல்லவேண்டும் என்று படிப்பித்தவரே அவர்தான். யோசிக்காமல் சொன்னார்.

“இலுப்பையடிக்குளம்.”

பேனை நின்றது. “மொகக்த?” என்னது?

“இலுப்பை. அடி. குளம்.” கயிற்றைக் கைகையாக இழுத்து விடுவதுபோலச் சொன்னார்.

சார்ஜன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதினார். சிங்கள எழுத்து சூசைதாசனுக்கு வாசிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான். எழுதியதை ஒருக்கால் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கொன்ஸ்டபிள் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை, வாசித்தார்.

“இலுப்படி குளம.”

“இலுப்பையடி” என்றார் சூசைதாசன். “பை. பை வரவேணும்.”

சார்ஜன் வெட்டிவிட்டு மறுபடி எழுதினார்.